பத்து மில்லி, பதினான்கு ஸ்டிக்கர்

மனித குலம் இதுவரை கட்டியெழுப்பிய பாதுகாப்பு ஏற்பாடுகளில், அந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் நிற்கும் இரும்பு அலமாரிக்கு நிகரான ஒன்று கிடையாது. கோட்டைகள் பிடிபட்டிருக்கின்றன. கருவூலங்கள் கொள்ளை போயிருக்கின்றன. இந்த அலமாரியிலிருந்து மட்டும் எட்டு மாதமாக ஒரு குப்பிகூட வெளியே வந்ததில்லை. திருடனுக்கும் கிடைக்கவில்லை. நோயாளிக்கும் கிடைக்கவில்லை. பாரபட்சமற்ற அலமாரி.

உள்ளே இருப்பது பொட்டாசியம் குளோரைடு. பத்து மில்லி கண்ணாடிக் குப்பிகள், மொத்தம் இருநூறு. பார்ப்பதற்கு வெறும் பச்சைத் தண்ணீர், நிறமே கிடையாது. உடம்பில் பொட்டாசியம் குறைந்தவருக்கு, அரை லிட்டர் உப்புநீரில் கலந்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் பிழைத்துக்கொள்வார். கலக்காமல் நேரே ஊசியில் போட்டால் இதயம் நின்றுவிடும். நின்ற இதயத்துக்கு அறிக்கை எழுதுவது சிரமம்.

அலமாரியின் தந்தை மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர். நல்ல மனிதர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தேவைப்பட்டது. மற்ற எல்லோருக்கும் அவர் 'பூட்டு'. தன் சாப்பாட்டு டப்பாவுக்கும் பூட்டுப் போட்டு வைத்திருப்பவர்.

போன வருடம் ஒரு நர்ஸ், மருந்துப் பொடியைக் கரைக்கும் சுத்தநீர் என்று நினைத்து இந்தக் குப்பி ஒன்றை உடைத்துவிட்டார். ஊசியில் உறிஞ்சும் முன் பெயரைப் படித்தார். கீழே வைத்தார். அழுதார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெயரைப் படித்ததால் ஓர் உயிர் தப்பியது. இதிலிருந்து நிர்வாகம் உடனே ஒரு பாடம் கற்றது: குழு அமைக்க வேண்டும்.

'பொட்டாசியம் பாதுகாப்பு உயர்நிலைக் குழு' அப்படிப் பிறந்தது. தலைவர், எலும்பு டாக்டர். முப்பது வருடத் தொழிலில் ஒருமுறைகூடப் பொட்டாசியம் எழுதாதவர். ஆகவே கறைபடாத கைகள். உறுப்பினர், 'தர மேம்பாட்டு' அதிகாரி. மூன்று நாள் பயிற்சிக்குப் போய்த் திரும்பியதிலிருந்து எல்லோரும் அவரைத் 'தரம் மேடம்' என்றார்கள். செயலாளர், பூட்டு.

முதல் வாரமே வார்டுகளிலிருந்த குப்பிகளெல்லாம் அலமாரிக்கு வந்து சேர்ந்தன. அலமாரிக்கு இரண்டு சாவித்துவாரங்கள். ஒரு சாவி பூட்டிடம், மற்றது தலைவரிடம். இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் குழு மாதம் இருமுறை கூடியது. கூடினால் தீர்மானம் வேண்டும். தீர்மானம் என்றால் ஸ்டிக்கர்.

முதல் கூட்டத்தில் சிவப்பில் 'அபாயம்'. இரண்டாவதில் 'கலக்காமல் ஏற்றாதே'. இவை இரண்டும் அருமையான ஸ்டிக்கர்கள். ஐந்தாவதாக இதயப் படம் ஒன்று கேட்டார்கள். அச்சகக்காரர் தன்னிடம் தயாராக இருந்ததைப் போட்டுக் கொடுத்தார். இதயத்தில் அம்பு பாய்ந்திருந்தது. "விஷயம் புரியுதில்ல, போதும்" என்று தலைவர் அனுமதித்தார். ஆறாவது: 'இந்த ஸ்டிக்கர்களை அகற்றுவது தண்டனைக்குரியது.' பதினான்காவது: 'மேற்கண்ட பதின்மூன்றையும் படித்த பின்பே பயன்படுத்தவும்.' மேற்கண்ட பதின்மூன்றும் அதற்கு அடியில் இருந்தன.

குப்பி சுண்டுவிரல் நீளம்.

எட்டு மாதமாக யாரும் மருந்து கேட்டு வராததைப் பூட்டு கவனிக்காமல் இல்லை. ஆண்டறிக்கையில் எழுதினார்: 'குழுவின் இடையறாத விழிப்புணர்வால் பொதுமக்களின் பொட்டாசியம் அளவு வெகுவாக உயர்ந்துள்ளது.' அறிக்கை மேலே போனது. மேலே இருந்தவர்கள் நெகிழ்ந்தார்கள். 'பூஜ்ய விபத்து விருது' அந்த மருத்துவமனைக்குத்தான் என்று ஏறக்குறைய முடிவாயிற்று. ஆய்வாளர்கள் இன்று மூன்று மணிக்கு வருகிறார்கள்.

காலை பதினொன்றரைக்குப் பூட்டின் கைப்பேசி அடித்தது. அக்கா.

"டேய், உங்க அத்தான நாலாம் வார்டுல போட்டிருக்காங்க. கீழ வா."

"என்னக்கா ஆச்சு?"

"மூணு நாளா வாந்தி, பேதி. காலைல எந்திரிக்கப் பாத்தாரு, கால் வரல. கட்டில்லயே கிடக்கு."

"எது?"

"காலுதான்டா. பின்ன தனியா எங்க போகும்?"

நாலாம் வார்டில் அத்தான் மல்லாந்து கிடந்தார். ஒரு துணிக்கடையில் நாற்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். படுத்திருப்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

"வா மச்சான்," என்றார். குரல் பாதிதான் வந்தது. "உன் ஆஸ்பத்திரியில மின்விசிறி நல்லா ஓடுது."

"கால ஆட்டுங்க அத்தான்."

"ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். அது கேக்கல. இத்தன வருஷம் வீட்ல யார் என் பேச்சக் கேட்டாங்க, இது கேக்கறதுக்கு?"

"வாய் மட்டும் எப்படி ஓடுது பாரு," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் அம்மா நேற்றுதான் பணியில் சேர்ந்தவர். பூட்டைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பொட்டாசியம் ரெண்டு புள்ளி ஒண்ணு. மூணரைக்கு மேல இருக்கணும். ஈசிஜியும் நல்லால்ல. இப்ப கால். விட்டா அடுத்தது இதயம். ஒரு மணிக்குள்ள டிரிப் ஓடணும். ரெண்டு குப்பி எழுதியிருக்கேன். கிடங்கு நீங்கதான பாக்கறீங்க?"

வார்டுப் பொறுப்பு நர்ஸ் குறுக்கிட்டார். போன வருடம் பெயரைப் படித்துவிட்டு அழுதவர் இவர்தான். "டாக்டர், சீட்டு எழுதிக் குடுத்துடலாமே."

"என்ன சீட்டு? நம்மகிட்ட மருந்து இல்லையா?"

"இல்லையாவா?" என்றார் பூட்டு. எட்டு மாத உழைப்பு அவர் முதுகை நிமிர்த்தியது. "இருநூறு இருக்கு டாக்டர். தொட்டுப் பாத்த ஆள் கிடையாது. பத்தே நிமிஷம்."

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பூட்டு அதற்குள் மாடிப்படியில் இருந்தார்.

தலைவர் தன் அறையில் கண்ணாடி முன் நின்று ஏற்புரையைப் பழகிக்கொண்டிருந்தார். தரம் மேடம் அவருக்குக் கைதட்ட வேண்டிய இடங்களைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தார்.

"சார், சாவி வேணும். பொட்டாசியம் எடுக்கணும்."

"எதுக்கு?"

"ஒரு நோயாளிக்கு சார்."

"நோயாளிக்கா?"

தலைவர் யோசித்தார். அலமாரியை அந்தக் கோணத்தில் அவர் பார்த்ததில்லை.

மூவரும் கிடங்குக்குப் போனார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இரண்டு சாவிகளையும் திருப்பினார்கள். கதவு நீண்ட நேரம் முனகிவிட்டுத் திறந்தது. உள்ளே இருநூறு குப்பிகள் கட்டுப்போட்ட விரல்கள் மாதிரி வரிசையாகக் கிடந்தன. எலும்பு டாக்டரின் முகம் மலர்ந்தது.

"நல்ல கட்டு," என்றார்.

பூட்டு ஒன்றை எடுத்தார். தரம் மேடம் கையை நீட்டி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"பொட்டாசியம் குளோரைடு மேடம்."

"எங்க எழுதியிருக்கு?"

பூட்டு பார்த்தார். அபாயம் தெரிந்தது, ஓரமாக. அம்பின் நுனி தெரிந்தது. பெயர் தெரியவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் இல்லை. இருநூறையும் அவரே தன் கையால், ஓரம் மடங்காமல், காற்றுக்குமிழி வராமல் ஒட்டியிருந்தார்.

"எனக்குத் தெரியும் மேடம். நான்தான வச்சேன்."

"அது ஞாபகம். சான்று இல்ல." மேடம் சுவரில் மாட்டியிருந்த விதிப் பலகையைப் படித்தார். "விதி மூன்று. பெயர் தெரியாத குப்பியை எவரும் எந்நிலையிலும் பயன்படுத்தக் கூடாது."

நல்ல விதி. எழுதியவர் பூட்டு.

"உரிச்சுப் பாத்துடலாமே சார்."

"ஆறாவது ஸ்டிக்கர் என்ன சொல்லுது?" என்றார் தலைவர்.

"அதுவே தெரியல சார்."

"தெரியலன்னாலும் அது இருக்கு."

அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. ஐந்து நிமிடம் என்றார் தலைவர். நோயாளி யார் என்று மேடம் கேட்டார். பூட்டு சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. செயலாளரின் உறவினர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் செயலாளர் பேசக் கூடாது. ஆனால் செயலாளர் என்ற முறையில் நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும். பூட்டு எழுதினார்.

பதினைந்தாவதாக, மருந்தின் பெயரையே ஒரு ஸ்டிக்கராக அச்சடிக்கலாம் என்று தலைவர் முன்மொழிந்தார். புரட்சிகரமான யோசனை என்றார் மேடம். ஒட்ட இடமில்லை என்பது பிறகு தெரிந்தது. அப்படியானால் குப்பியைப் பெரிதாக்கும்படி தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதலாம். எவ்வளவு பெரிதாக? ஒரு லிட்டர் என்றார் தலைவர். எதிர்காலத்தையும் பார்க்க வேண்டுமே.

மணி பன்னிரண்டு ஐம்பது.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பின் கடைசி வரி இப்படி இருக்கிறது: 'செயலாளர் மௌனம் காத்தார். பின்னர் எழுந்து ஓடினார்.'

லிஃப்ட் வரவில்லை. பூட்டு பின்பக்கப் படிகளில் இறங்கினார். அந்தப் படிகள் பாய்லர் அறைக்குள் போய் முடியும். அங்கே சுவரோரம் முப்பது மூட்டைகள் அடுக்கியிருந்தன. இரண்டை இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து பாய்லர்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூட்டையின் மேல் கை அகல எழுத்தில், பத்தடி தூரத்திலிருந்தே படிக்கும்படி, அச்சடித்திருந்தது: பொட்டாசியம் குளோரைடு. இருபத்தைந்து கிலோ.

பூட்டு நின்றார். அந்தப் பெயரை அவ்வளவு தெளிவாகப் பார்த்து வெகு நாளாயிற்று.

"இது எதுக்கு?"

"தண்ணிய மென்மையாக்கற மெஷினுக்கு சார். இல்லன்னா குழாய்ல சுண்ணாம்பு படியும். வாரம் ரெண்டு மூட்ட கொட்டணும்."

"யார்கிட்ட கையெழுத்து வாங்குவ?"

"கையெழுத்தா? மெஷின்ல விளக்கு எரியும். கொட்டுவேன்." பாய்லர்காரர் வாயைத் துடைத்துக்கொண்டார். "சிந்தறத வாரித் தோட்டத்துக்கும் குடுக்கறேன் சார். உரமும் இதானாமே. வாசல்ல ரோஜா பாத்தீங்களா, என்னமா வந்திருக்கு."

அந்தக் கட்டிடத்தில் குழாய்க்குப் பொட்டாசியம் குறைந்தால் அன்றே கிடைக்கும். ரோஜாவுக்குக் குறைந்தாலும் கிடைக்கும். பூட்டு மூட்டைகளைப் பார்த்தபடியே இரண்டு எட்டுப் பின்னால் நடந்து, பிறகு திரும்பி ஓடினார்.

நாலாம் வார்டில் டிரிப் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அம்மா சொட்டுகளின் வேகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பூட்டுக்கு மூச்சு வாங்கியது.

"எங்கேருந்துக்கா?"

"எதிர்ல மருந்துக் கடையில."

"எதிர்க் கடையிலயா? யாரு, எதுக்குன்னு ஒண்ணும் கேக்கலயா?"

"கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"பை வேணுமான்னு."

டாக்டர் அம்மா திரும்பவில்லை. "நீங்க பத்து நிமிஷம்னு சொன்னீங்க. அரை மணி பாத்தேன். அப்புறம் சிஸ்டர் சொன்னபடி சீட்டு எழுதிட்டேன். கலக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் தனித்தனியா பேரப் படிச்சோம்."

"நல்லாத் தெரிஞ்சுது சார், பேரு," என்றார் நர்ஸ். அதில் கிண்டல் இல்லை. அதுதான் பூட்டுக்கு வலித்தது.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். மேலே இரண்டு முறை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போகவில்லை. இரண்டரை மணிக்கு அத்தானின் வலது கால் பெருவிரல் அசைந்தது. அக்கா, நர்ஸ், பூட்டு மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி அசைந்தது.

"என்ன எல்லாரும் என் காலயே பாக்கறீங்க? கும்பிடப் போறீங்களா?" என்றார் அத்தான்.

அக்கா சிரித்தாள். பிறகு வெகுநேரம் அழுதாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினாள். சீப்போடு ஒரு தாள் பொட்டலமும் வந்தது. அதற்குள் மூன்று குப்பிகள்.

"இது என்னக்கா?"

"மிச்சம்டா. அஞ்சாத்தான் குடுப்பாராம். ரெண்டு இவருக்குப் போச்சு. மூணு இருக்கட்டும், வீட்ல செடிக்கு ஊத்தலாம்னு கடைக்காரர் சொன்னாரு."

பூட்டின் கை மெதுவாக நீண்டு அந்தப் பொட்டலத்தை வாங்கியது. ஒரு ஸ்டிக்கரும் இல்லாத, பளிச்சென்ற மூன்று குப்பிகள். பச்சைத் தண்ணீர்.

"சிஸ்டர், இதுக்கு முன்னாடியும் இப்படி வெளிய வாங்கியிருக்கீங்களா?"

"எட்டு மாசமா எல்லாருக்கும் இப்படித்தான் சார். முதல்ல தலைவர் ரூமுக்குச் சாவி கேட்டு ஆள் அனுப்புவோம், அவர் ஆபரேஷன்ல இருப்பாரு. இல்ல கூட்டத்துல இருப்பாரு. எத்தன நாள் காத்திருக்கிறது?"

"எங்களுக்கு ஏன் தெரியப்படுத்தல?"

"தரம் மேடம் ஆபீஸ்ல படிவத்துல எழுதிக் குடுன்னாங்க சார். படிவம் கேட்டேன். அது அலமாரிக்குள்ள பத்திரமா இருக்குன்னாங்க."

பூட்டு ஒரு தட்டை எடுத்தார். பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். தலையணையைத் தூக்கினார். இரண்டு. அடுத்த கட்டிலில், கண்ணில் விடும் சொட்டு மருந்தோடு ஒன்று. அதற்கடுத்தவர் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை, காசு குடுத்தது சார், எறிய மனசு வரல என்றார். ஓர் அம்மா பழக்கூடையிலிருந்து நான்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, தம்பி ரசீது உண்டா என்று கேட்டார். டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர்கள் விட்டுச் சென்றவை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வெயில் காய்ந்தன. தட்டு நிறைந்தது. நாற்பது.

நாற்பத்தொன்றாவது, மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்குப் புகை மருந்து பிடிக்கும் மெஷினின் பக்கத்தில் இருந்தது. மருந்தைக் கரைக்கும் சுத்தநீர்க் குப்பிகள் ஆறு அங்கே ஒரு கிண்ணத்தில் கிடந்தன. ஏழாவதாக இது. அதே உயரம். அதே நிறம், அதாவது நிறமே இல்லை. யாரோ நல்லெண்ணத்தில் எடுத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நர்ஸ் அதைப் பார்த்தார். இந்த முறை அவர் அழவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார்.

மூன்று மணிக்கு விழா மண்டபத்தில் பூட்டு தட்டோடு நுழைந்தார். மேடையில் இரண்டு ஆய்வாளர்கள், நடுவில் தலைவர். தரம் மேடம் திரையில் விபத்து எண்ணிக்கையின் வரைபடம் காட்டிக்கொண்டிருந்தார். கோடு எட்டு மாதமாகத் தரையோடு படுத்திருந்தது. பெருவிரல்கூட அசையவில்லை.

"சார், நாலாம் வார்டுல மட்டும் நாப்பத்தொண்ணு," என்றார் பூட்டு. மண்டபம் முழுக்கக் கேட்டது. "தலகாணிக்கு அடியில. பழக்கூடையில. புகை மெஷின் பக்கத்துல. நாமதான் சார் காரணம். நம்ம அலமாரி திறக்கல. அதான் எல்லாரும் வெளிய வாங்கறாங்க."

தலைவர் எழுந்து வந்து ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஸ்டிக்கர் எங்க?"

"இல்ல சார்."

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல சார்."

தலைவரின் தோள்கள் தளர்ந்தன. நிம்மதியில்.

"பதறாதீங்க. இது நம்ம பொட்டாசியம் இல்ல."

ஆய்வாளர்கள் குறித்துக்கொண்டார்கள். மூத்த ஆய்வாளர் மிகவும் கவரப்பட்டவர்போல் தெரிந்தார். "வெளி மருந்தைக்கூட தட்டுல ஏந்திப் பாதுகாக்கற ஊழியர இப்பத்தான் பாக்கறேன். இதுக்குத் தனி மதிப்பெண் உண்டா?" என்று இளையவரைக் கேட்டார். உண்டு. ஐந்து. கைதட்டல் எழுந்தது. மேடம் குறித்து வைத்திருந்த இடமே அல்ல அது.

நாற்பத்தொன்றும் 'நோயாளிகளின் தனிப்பட்ட உடைமை' என்று தீர்மானமாயிற்று. கையெழுத்து வாங்கிக்கொண்டு உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கும்படி செயலாளர் பணிக்கப்பட்டார். பூட்டு தட்டைக் கிடங்குக்கு எடுத்துப் போனார். உள்ளே தாழிட்டார். ஒவ்வொரு குப்பியாக உடைத்துக் கழுவுதொட்டியில் ஊற்றினார். நாற்பத்தொரு முறை பெயரைப் படித்தார். விதியை மீறியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மறுநாள் காலை எதிர்க் கடையில் புதுச் சரக்கு இறங்கியது.

அத்தான் நான்காம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். கடையில் இப்போது உட்கார்ந்து வேலை பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறார்.

விருது ஒரு பித்தளைப் பலகை. 'இந்நிறுவனத்தில் பொட்டாசியம் குளோரைடினால் தவறு நிகழ வாய்ப்பே அளிக்கப்படவில்லை' என்று பொறித்திருக்கிறது. ஒரு சொல்லும் பொய்யில்லை. எங்கே மாட்டலாம் என்று கேட்டார்கள். அலமாரிக் கதவில்தான் என்றார் பூட்டு. அவரே அளந்தார். அவரே துளையிட்டார். நான்கு திருகாணிகள்.

இரண்டு சாவித்துவாரங்களும் பலகைக்குப் பின்னால் இருக்கின்றன. யாராவது ஒருவர் மருந்து எடுக்க வரட்டும், திறக்க வழியில்லையே என்று ஒரு சத்தம் போடட்டும், அந்த நிமிடமே கழற்றிவிட்டு எல்லாவற்றையும் பேசிவிடலாம் என்று திருப்புளியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

ஐந்து மாதம் ஆகிறது. சட்டைப் பை கிழிந்திருக்கிறது.